‘நல்லா இருக்கேன்னு சொல்லு’

தலையில் ஒரு கட்டு, கையில் ஒரு கட்டு, முகத்தில் மிரட்சி. இரண்டு பேர் கேமராவைப் பார்த்து, தமிழ்நாட்டில் தங்களை அடித்துத் துரத்திய கதையைச் சொல்கிறார்கள். 2023 மார்ச்சில் பிகார் முழுக்கச் சுற்றிய வீடியோ இது. விசாரித்த பிகார் காவல் துறை பிற்பாடு சொன்ன விவரம் வேறு. வீடியோ எடுக்கப்பட்ட இடம் பாட்னாவில் ஒரு வாடகை வீடு. காயமே இல்லாத உடம்பில் கட்டுப் போட்டு, பேச வேண்டியதைச் சொல்லிக்கொடுத்து எடுத்தது.

அந்த வாரம் உலவிய வீடியோக்கள் ஒன்றிரண்டு இல்லை. ராஜஸ்தானின் ஜோத்பூரில் நடந்த ஒரு வழக்கறிஞர் கொலை, தமிழ்நாட்டில் பிகாரி கொலை ஆனது. பிகார்த் தொழிலாளர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டதும், கோவையில் உள்ளூர்க்காரர் இருவர் மோதிக்கொண்டதும் ‘தமிழர் தாக்குதல்’ என்று பெயர் மாறின. இவையெல்லாம் திருட்டுச் சரக்கு; எங்கிருந்து எடுத்தது என்று தேடினால் கிடைத்துவிடும். உண்மை சரிபார்ப்பவர்கள் ஓரிரு நாளில் கண்டுபிடித்தும் விட்டார்கள். பாட்னா வீட்டு வீடியோ அந்த ரகம் இல்லை. அது திருடியது ஒரு வடிவத்தை. ‘எனக்கு நடந்ததை என் வாயால் சொல்கிறேன்’ என்ற சாட்சியத்தின் வடிவத்தை. ஆயிரம் பேர் செத்தார்கள் என்ற செய்தியைவிட, கட்டுப் போட்ட ஒருவன் தழுதழுத்துப் பேசுவதற்கு வலு அதிகம் என்பது பொய் தயாரித்தவருக்குத் தெரிந்திருக்கிறது. அதை எதிர்க்க வேண்டிய நமக்கு அந்தச் சூட்சுமம் இன்னும் பிடிபடவில்லை என்பதுதான் என் வருத்தம்.

அரசு சும்மா இருக்கவில்லை. அன்றைய டிஜிபி சைலேந்திர பாபு வீடியோவில் தோன்றி மறுத்தார். ஹிந்தியில் அறிவிப்புகள் வந்தன, உதவி எண்கள் வந்தன. பிகாரிலிருந்து நான்கு அதிகாரிகள் வந்து சென்னை, திருப்பூர், கோவை என்று சுற்றிப் பார்த்துத் திருப்தியோடு திரும்பினார்கள். முதல்வர் காவல்கிணற்றில் ஒரு கையுறைத் தொழிற்சாலைக்கே போய் வடமாநிலத் தொழிலாளர்களிடம் பேசினார். வதந்தி பரப்பிய யூடியூபர் மீது தேசியப் பாதுகாப்புச் சட்டம் வரைக்கும் பாய்ந்தது. அந்தச் சட்டம் தேவையா என்பது தனி விவாதம். மற்றவை தேவையாகத்தான் இருந்தன.

இவற்றோடு இன்னொன்றும் நடந்தது. பனியன் கம்பெனி வாசலிலும் கட்டடப் பணி நடக்கும் இடத்திலும் தொழிலாளர்களை வரிசையாக நிற்கவைத்து, ‘ஹம் லோக் யஹாங் டீக் ஹைன்’ என்று சொல்லவைத்து வீடியோ எடுத்தார்கள். இங்கே நன்றாக இருக்கிறோம், பயம் இல்லை, வதந்தியை நம்பாதீர்கள். அப்படிப்பட்ட வீடியோக்கள் எனக்கே வாட்ஸ்அப்பில் ஏழெட்டு வந்தன. ஒன்றில் பேசி முடித்த இளைஞர் கேமராவுக்குப் பக்கத்தில் யாரையோ பார்த்து, போதுமா என்பதுபோல் புருவத்தை உயர்த்துகிறார். அந்த ‘யாரோ’ சூப்பர்வைசரா, காண்ட்ராக்டரா, காவலரா என்பது படத்தில் தெரியாது. அவர் சொன்னது பொய் என்று நான் நினைக்கவில்லை. அவருக்கு அன்று ஆபத்து எதுவும் இல்லை. ஆனால் அது அவருடைய கதையும் இல்லை. பாட்னாவில் ஒருவரை ‘அடிபட்டேன்னு சொல்லு’ என்றார்கள். இங்கே ஒருவரை ‘நல்லா இருக்கேன்னு சொல்லு’ என்றோம். ஒன்று பொய், ஒன்று மெய். பெரிய வித்தியாசம்தான். இரண்டிலும் கைபேசி அடுத்தவர் கையில் இருந்தது என்பதில் மட்டும் வித்தியாசம் இல்லை.

வதந்திக்கு விதை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், அது முழுக்க வடக்கிலிருந்து இறக்குமதியானது என்று சொல்லித் தப்பிக்க முடியவில்லை. அந்த ஆண்டு ஹோலி மார்ச் 8. ஊருக்குப் போகிற கூட்டம் ரயிலில் வழிந்தது. வருடா வருடம் வழிகிற கூட்டம். அதைப் படம் பிடித்து ‘உயிருக்குப் பயந்து ஓடுகிறார்கள்’ என்று எழுதியவர்கள் அங்கே இருந்தார்கள். ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்பு, ஜனவரியில், திருப்பூரில் வடமாநிலத்தவர் கும்பலாகத் தமிழர்களைத் துரத்துவதாக ஒரு வீடியோ இங்கே சக்கைப்போடு போட்டது. சின்னத் தகராறு என்று காவல் துறை விளக்கியது. அந்த விளக்கத்தை எத்தனை பேர் ஃபார்வர்டு செய்தார்கள்? ‘இனி திருப்பூர் நம்ம ஊர் இல்லை’ என்ற ஒப்பாரியைத்தான் செய்தார்கள். 2022 மே மாதம் கோவையில் ஒரு பட்டமளிப்பு விழா மேடையில், ஹிந்தி படித்தவர்கள் இங்கே பானிபூரிதானே விற்கிறார்கள் என்று ஒரு அமைச்சர் கேட்டபோது அரங்கம் ரசித்தது. மொழித் திணிப்பை எதிர்க்க நமக்கு நூறு நல்ல வாதங்கள் உண்டு. பானிபூரிக்காரரின் தள்ளுவண்டியை அதற்குள் இழுத்திருக்க வேண்டியதில்லை.

பத்திரிகைகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். உதவி ஆசிரியராக இருந்த காலத்தில் ‘வடமாநில வாலிபர் கைது’ என்று தலைப்புப் போட்டவர்களில் நானும் ஒருவன். ஒற்றைப் பத்திச் செய்திக்கு அந்தச் சொற்கள் இடத்தில் கச்சிதமாக உட்காரும். சாரம் சரிந்து செத்தாலும் அதே ஆள் ‘வடமாநிலத் தொழிலாளி பலி’ ஆவார். பெயர் மூன்றாவது வரியில் வரும். சில நாள் அதுவும் வராது. உள்ளூர்க்காரர் திருடினால் அவர் ஊர்ப் பெயரைத் தலைப்பில் போடுகிறோமா? திருட்டிலும் சாவிலும் மட்டுமே ஒரு கூட்டத்தைப் பற்றிப் படிக்கிற வாசகர், அந்தக் கூட்டத்தைப் பற்றி எந்த வதந்தி வந்தாலும் நம்பத் தயாராகத்தான் இருப்பார். வெளிமாநிலத் தொழிலாளர்கள் பத்து லட்சத்துக்கு மேல் என்று பத்து ஆண்டுகளுக்கு முன் அரசு எடுத்த கணக்கே சொன்னது. அந்தப் பத்து லட்சத்தில் ஒருவருடைய முழுக் கதையாவது நம் நாளிதழ் வாசகருக்குத் தெரியுமா?

முகத்தை மறைத்தால்தான் பொய் நிற்கும் என்பதைப் பச்சையாகவே உத்தரவு போட்டுச் செய்த அரசு ஒன்று உண்டு. 2001 அக்டோபர், ஆஸ்திரேலியா. தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கிறது. இந்தோனேசியாவிலிருந்து 223 பேரோடு வந்த மீன்பிடிப் படகு ஒன்றைக் கடற்படை வழிமறித்தது. படகில் இருந்தவர்கள் பெரும்பாலும் இராக்கியர்கள். தஞ்சம் கிடைப்பதற்காக அவர்கள் தங்கள் குழந்தைகளையே கடலில் வீசினார்கள் என்று அக்டோபர் 7ஆம் தேதி குடிவரவு அமைச்சர் அறிவித்தார். மூன்று நாள் கழித்துச் சான்றாகப் படங்கள் வெளியாயின; தண்ணீரில் தத்தளிக்கும் குழந்தைகள். அந்தப் படங்கள் உண்மையில் அறிவிப்புக்கு மறுநாள், படகு மூழ்கியபோது கடற்படையினர் அவர்களைக் காப்பாற்றுகையில் எடுத்தவை. குழந்தைகளை யாரும் வீசவில்லை என்று மறு ஆண்டு செனட் குழு முடிவு சொன்னது. அதற்குள் தேர்தல் முடிந்து, அரசு ஜெயித்து, எல்லாம் ஆறிப்போயிருந்தது.

அந்த விசாரணையில் வெளிவந்த ஒரு தகவலை நான் மறக்கவில்லை. தஞ்சம் தேடி வருகிறவர்களைத் தனி மனிதர்களாகவோ, இரக்கம் வரும்படியோ காட்டுகிற படங்கள் எடுக்கக் கூடாது என்று பாதுகாப்பு அமைச்சர் அலுவலகத்திலிருந்து ஊடகப் பிரிவுக்கு அறிவுறுத்தல் போயிருக்கிறது. படம் எடுக்கலாம். தூரத்திலிருந்து, கூட்டமாக, படகாக எடுக்கலாம். கண்ணைப் பார்க்கிற மாதிரி எடுக்கக் கூடாது. பொய்யைப் பற்றி எத்தனையோ ஆய்வுக் கட்டுரைகள் வந்துவிட்டன. இந்த ஒரு அறிவுறுத்தல் அளவுக்கு அதன் தொழில்நுட்பத்தை யாரும் தெளிவாக எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. ஒரு பெண் தன் மகனைப் பற்றி ஒரு நிமிடம் பேசியிருந்தால் போதும். ‘குழந்தையைக் கடலில் வீசுகிறவர்கள்’ என்ற வாக்கியம் அவள் மேல் ஒட்டாது.

அதே நாட்டின் அதே கொள்கைதான் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து பப்புவா நியூகினியின் மனுஸ் தீவில் ஆண்களை அடைத்துவைத்தது. பத்திரிகையாளர்கள் அங்கே போவது குதிரைக்கொம்பு. முகாமில் இருந்தவர்களில் ஒருவர் பெஹ்ரூஸ் பூச்சானி, ஈரானைச் சேர்ந்த குர்து இனப் பத்திரிகையாளர். தடை செய்யப்பட்ட கைபேசி ஒன்றை மெத்தைக்குள் ஒளித்துவைத்துக்கொண்டார். காகிதத்தில் எழுதினால் சோதனையில் பிடுங்கிவிடுவார்கள் என்பதால், ஒரு புத்தகத்தை முழுக்க ஃபார்ஸி மொழியில் துண்டு துண்டான குறுஞ்செய்திகளாக வாட்ஸ்அப்பில் அனுப்பினார். ஒமித் தொஃபீகியான் அதை ஆங்கிலமாக்கினார். 2018இல் ‘நோ ஃபிரெண்ட் பட் த மவுன்டன்ஸ்’ வெளியானது. அடுத்த ஆண்டு ஜனவரியில் விக்டோரியா மாகாணத்தின் மிகப் பெரிய இலக்கியப் பரிசு, ஒரு லட்சம் ஆஸ்திரேலிய டாலர், அந்தப் புத்தகத்துக்குக் கிடைத்தது. பரிசு கொடுத்த நாட்டுக்குள் நுழைய பரிசு பெற்றவருக்கு அனுமதி இல்லை; மொழிபெயர்ப்பாளர் மேடையேறி வாங்கிக்கொண்டார். பூச்சானி கைபேசியில் திருட்டுத்தனமாக எடுத்த காட்சிகள் 2017இல் ஒரு திரைப்படமாகவும் வந்தன. சூடானைச் சேர்ந்த அப்துல் அஜீஸ் முஹமத் என்பவர் அதே தீவிலிருந்து ஒரு மெல்போர்ன் பத்திரிகையாளருக்கு ஆயிரக்கணக்கில் குரல் செய்திகள் அனுப்பினார். அவை ‘த மெசெஞ்சர்’ என்ற ஒலித்தொடராயின. பின்னணியில் மழை, காவலர் சத்தம், நடு ராத்திரித் தூக்கமின்மை. கேட்கிறவருக்கு மனுஸ் தீவு ஒரு கொள்கையின் பெயராக இல்லாமல் ஓர் இடமாக ஆகிவிடும்.

பூச்சானியின் எழுத்தில் என்னைக் கவர்ந்தது அவர் பரிதாபம் கேட்காததுதான். முகாமின் கழிவறை வரிசையைப் பற்றி எழுதுகிறார், சாப்பாட்டு வரிசையைப் பற்றி எழுதுகிறார், சக கைதிகளின் அற்பத்தனங்களைக் கூசாமல் எழுதுகிறார். நன்றியுள்ள, புன்னகைக்கிற, வாய்ப்புக் கொடுத்தால் டாக்டர் ஆகிவிடுகிற ‘நல்ல அகதி’ வேஷத்தை அவர் கட்டவில்லை. பொய்ப் பிரச்சாரத்துக்குப் பதில் சொல்லக் கிளம்புகிற தொண்டு நிறுவனங்கள் பெரும்பாலும் வழுக்கி விழுகிற இடம் இது. ‘இவர்கள் குற்றவாளிகள்’ என்று ஒருவன் சொன்னால், ‘இல்லை, இவர்கள் தங்கக் கட்டிகள்’ என்று பதில் வீடியோ எடுக்கிறார்கள். பிறகு அந்தக் கூட்டத்தில் ஒருவர் ஒரு தப்புச் செய்தால் போதும், கட்டிய கோபுரம் முழுக்கச் சரிந்துவிடும்.

இதற்கு நம்மவர் கதையிலேயே உதாரணம் இருக்கிறது. 1986 ஆகஸ்ட் 11. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 இலங்கைத் தமிழர்களை மீனவர்கள் காப்பாற்றினார்கள். இந்தியாவிலிருந்து வந்தோம் என்றார்கள் அவர்கள். கனடா நெகிழ்ந்தது. சில நாளில் குட்டு உடைந்தது. அவர்கள் கப்பலேறியது மேற்கு ஜெர்மனியில். நெகிழ்ந்த நாடு கொதித்தது. அகதிகளே புளுகர்கள் என்ற பேச்சு கிளம்பியது. அவர்கள் பொய் சொன்னது உண்மைதான். 1983க்குப் பிறகு கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் என்ன நடந்தது என்பதும் உண்மைதான். ஜெர்மனியில் இருந்தால் தஞ்சம் மறுக்கப்படும் என்ற பயத்தில் கப்பல்காரனுக்குக் காசு கொடுத்து அட்லாண்டிக்கில் இறங்கிய ஒருவர், ஏன் அப்படிச் சொன்னேன் என்று தன் வாயால் முழுக்கச் சொல்லியிருந்தால், அந்தப் பொய்யும் கதைக்குள் அடங்கியிருக்கும். அன்று அவர்கள் கையில் கைபேசி இல்லை. பேசியதெல்லாம் அமைச்சரும் அதிகாரியும் நிருபரும்தான். அரசு அவர்களுக்குத் தங்க அனுமதி கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். கொதிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும், வந்தவனைத் திருப்பி அனுப்பவில்லை.

கைபேசிக் காலத்தில் ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு நடந்தது வேறு மாதிரி. குயின்ஸ்லாந்தில் பிலோவிலா என்ற சிற்றூர். மக்கள்தொகை ஆறாயிரம் போல. 2018 மார்ச்சில் ஒரு விடியற்காலை, இலங்கைத் தமிழ்த் தம்பதியையும் ஆஸ்திரேலியாவிலேயே பிறந்த இரண்டு பெண் குழந்தைகளையும் அதிகாரிகள் அள்ளிக்கொண்டு போனார்கள். அப்பா இறைச்சிக்கூடத்தில் வேலை பார்த்தவர். அம்மா கறி சமைத்து உள்ளூர் ஆஸ்பத்திரிக்காரர்களுக்குக் கொடுத்தனுப்புகிறவர். ஊர்க்காரர்கள், கட்சி அரசியல் பேசி அறியாத வெள்ளைக்காரப் பெண்கள், கையெழுத்து இயக்கம் தொடங்கினார்கள். ஒரு மந்திரி அந்தக் குழந்தைகளை, பெற்றோர் நாட்டில் ஒட்டிக்கொள்ளப் போட்ட நங்கூரம் என்று ஏசினார். ஊர்க்காரர்களோ குழந்தைகளின் பிறந்தநாள் படங்களைப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். கிறிஸ்துமஸ் தீவில் அடைபட்டிருந்தபோது 2021 ஜூனில் இளையவள் கடும் நோய்ப்பட்டாள். பெர்த் ஆஸ்பத்திரிப் படுக்கையில் அழுகிற தங்கைக்கு அக்கா முத்தமிடுகிற படம் நாட்டையே உலுக்கியது. நீதிமன்றங்களில் அவர்கள் கோரிக்கை பெரும்பாலும் தோற்றது, படத்தில் ஜெயித்தது. ஆட்சி மாறிய பின் 2022இல் ஊர் திரும்பினார்கள், நிரந்தர விசாவும் கிடைத்தது.

இந்த வெற்றியைக் கொண்டாடும்போதே எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. அதே படகுக் காலத்தில் வந்து, அதே விசாவில் தவித்து, உலுக்குகிற மாதிரி ஒரு படம் அமையாத ஆயிரக்கணக்கானவர்கள் இன்னும் ஆஸ்திரேலியாவில் தற்காலிகச் சீட்டோடு காத்துக்கிடக்கிறார்கள். அவர்களில் தமிழர்கள் நிறைய. தனிக்கதை ஒரு குடும்பத்துக்குக் கதவைத் திறந்துவிட்டு, தானே சாத்திக்கொள்ளும் ஆபத்து உள்ளது. மனம் இளகிய சமூகம், சட்டத்தைத் திருத்த மறந்துவிடும். ‘பாவம், அவங்க மட்டும் நல்லவங்க’ என்பதும் ஒருவகைப் பொய்ச் செய்திதான்.

எண்ணிம வழியில் தன் கதையைச் சொல்லிக்கொடுக்கும் பட்டறைகள் உலகில் முப்பது ஆண்டுகளாக நடக்கின்றன. 1990களில் கலிபோர்னியாவில் ஜோ லாம்பர்ட், டேனா ஆட்ச்லி ஆகியோர் தொடங்கிவைத்தது. பிபிசி வேல்ஸில் 2001 முதல் 2008 வரை ஊர் ஊராகப் போய் நடத்தியது. பத்துப் பேர் வட்டமாக உட்கார்வார்கள். ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்ல, மற்றவர்கள் கேட்பார்கள். பிறகு அதை ஒரு பக்கத்துக்குச் சுருக்கி எழுதி, சொந்தக் குரலில் படித்து, தன்னிடம் இருக்கிற ஏழெட்டுப் புகைப்படங்களைக் கோத்து, இரண்டு மூன்று நிமிடப் படமாக்கித் தருவார்கள். இதில் சூட்சுமம் அந்த வட்டத்தில்தான் இருக்கிறது, கேமராவில் இல்லை. எதைச் சொல்வது, எதை விடுவது, முகம் காட்டுவதா, யாருக்கெல்லாம் காட்டுவது என்பதைச் சொல்கிறவரே முடிவு செய்வார். நிருபர் போய்க் கேள்வி கேட்டு எடுக்கிற பேட்டியில் இது நடக்காது. நமக்கு வேண்டிய கண்ணீர் வருகிறவரை கேட்டுக்கொண்டிருப்போம்.

முகம் காட்டுவது சாதாரணக் காரியமும் இல்லை. தஞ்சம் கேட்டவர் அதிகாரியிடம் ஒரு மாதிரியும் வீடியோவில் வேறு மாதிரியும் தேதி சொல்லிவிட்டால், நம்பகத்தன்மை இல்லை என்று மனுவே அடிபடக்கூடும். ஊரில் இருக்கிற தம்பியின் வாசலில் யாராவது போய் நிற்கக்கூடும். திருப்பூர்த் தொழிலாளிக்கு அந்த அளவு ஆபத்து இல்லை. ஆனால் ‘ஒன்றரை ஷிப்ட் போட்டாலும் வார சம்பளத்தில் பிடித்தம்’ என்று பேசினால் திங்கட்கிழமை வேலை இருக்காது. முகத்தைக் காட்டாமல், ஓவர்லாக் மிஷினில் ஓடுகிற கையை மட்டும் காட்டிப் பேசலாம், பெயரை மாற்றலாம். போட்ட வீடியோவை நாளைக்கு எடுத்துவிடலாம். ஆனால் வாட்ஸ்அப்பில் போனது போனதுதான் என்பதையும் பேசுவதற்கு முன்பே அவருக்குச் சொல்லிவிட வேண்டும்.

இதெல்லாம் வதந்தி பரவுகிற அன்றைக்குக் கைகொடுக்குமா என்றால், கொடுக்காது. 2012 ஆகஸ்ட்டில் வடகிழக்கு மாநிலத்தவரைத் தாக்கப்போகிறார்கள் என்ற குறுஞ்செய்தி வதந்தியில் பெங்களூரு ரயில் நிலையத்திலிருந்து சில நாளில் ஆயிரமாயிரம் பேர் கிளம்பிப் போனார்கள்; ஒரு நாளைக்கு ஐந்து குறுஞ்செய்திக்கு மேல் மொத்தமாக அனுப்பக் கூடாது என்று மத்திய அரசு கட்டுப்பாடு போட்டது. 2024 ஜூலை 29இல் இங்கிலாந்தின் சவுத்போர்ட்டில் மூன்று சிறுமிகள் குத்திக் கொல்லப்பட்டனர். கொன்றவன் படகில் வந்த அகதி என்று ஒரு பொய்ப் பெயரோடு செய்தி பரவியது. அவன் கார்டிஃபில் பிறந்தவன். மறுநாள் மாலையே மசூதி தாக்கப்பட்டது. அந்த வார முடிவில் ரோதரம் அருகே தஞ்சம் கோரியவர்கள் தங்கியிருந்த விடுதிக்கு, உள்ளே ஆள் இருக்கும்போதே, தீ வைக்கப் பார்த்தார்கள். அந்த மணி நேரத்தில் வேண்டியது போலீஸும் உடனடி மறுப்பும்தான். வீடு பற்றி எரியும்போது கிணறு வெட்ட முடியாது. கிணறு வெட்டுகிற வேலை அதற்கு ஐந்து வருடம் முந்தியது.

வெட்டினால் தண்ணீர் வருமா? ஜோஷ் கல்லா, டேவிட் புரூக்மன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்ட கள ஆய்வு ஒன்று நம்பிக்கை தருகிறது. பிரச்சாரகர்கள் வீடு வீடாகப் போய் ஆவணமற்ற குடியேறிகளைப் பற்றிப் பேசினார்கள். வெறும் வாதங்களை அடுக்கியபோது வீட்டுக்காரர் மனம் அசையவில்லை. ஒரு குடியேறியின் கதையைச் சொல்லி, வீட்டுக்காரரின் கதையையும் குறுக்கே பேசாமல், தீர்ப்புச் சொல்லாமல் கேட்டபோது சிறிய மாற்றம் வந்தது. நான்கு மாதம் கழித்தும் அது நீடித்தது. சிறிய மாற்றம்தான். எனக்கு அதில் முக்கியமாகப் பட்டது, கதை இரண்டு பக்கமும் போனது. பனியன் கம்பெனியில் வேலை போன உள்ளூர் டைலருக்கும் ஒரு கதை இருக்கிறது. ‘காண்ட்ராக்டர் அவங்கள ரூம்லயே வெச்சு வேலை வாங்குறான், எங்களுக்கு பீஸ் ரேட்டைக் குறைச்சிட்டான்’ என்ற அவர் ஆத்திரத்தை இனவெறி என்று மட்டும் பெயரிட்டு ஒதுக்கினால், அடுத்த வதந்திக்கு முதல் ஃபார்வர்டு அவர் கையிலிருந்துதான் போகும்.

தமிழ்நாட்டில் இதற்கு முன்னோடி இல்லாமல் இல்லை. 1991க்குப் பிறகு இலங்கைத் தமிழ் அகதி என்றாலே சந்தேகக் கண்ணோடு பார்த்த காலத்தின் வாழ்க்கையை, முகாமிலேயே வாழ்ந்த தொ. பத்திநாதன் ‘போரின் மறுபக்கம்’ என்ற புத்தகத்தில் எழுதினார். மேடைகளில் முழங்கிய ஈழத்துக்கும் பக்கத்து முகாமில் தகரக் கூரைக்குக் கீழே இருந்த ஈழத்தவருக்கும் நடுவே இருந்த தூரம், அதைப் படித்தபோதுதான் பலருக்கு உறைத்தது. 2021இல் அரசு அகதி முகாம் என்ற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. அங்கே ஐம்பதாயிரத்துக்கும் மேல் மக்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இன்னும் குடியுரிமை இல்லாத பிள்ளைகள் கையில் இப்போது கைபேசி இருக்கிறது. அவர்கள் என்ன எடுக்கிறார்கள், யார் பார்க்கிறார்கள் என்று நம்மில் யாரும் விசாரிக்கவில்லை.

பிகார்த் தொழிலாளர்களும் யாரோ பட்டறை நடத்திச் சொல்லிக்கொடுக்கும்வரை காத்திருக்கவில்லை. தன்பாத் – ஆலப்புழை எக்ஸ்பிரஸில் கழிவறை ஓரம் உட்கார்ந்து வருகிற பயணத்தையும், திருப்பூரில் இறங்கி ரூம் தேடுகிற நாளையும், எந்த வேலைக்கு என்ன கூலி என்பதையும் ஹிந்தியிலும் போஜ்புரியிலும் யூடியூபில் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவை அங்கே ஓடுகின்றன. தமிழ் பார்க்கிறவர் கைபேசிக்குள் அவை வருவதே இல்லை. மொழி பார்த்துப் பரிமாறுகிற இயந்திரத்துக்கு நாம் பக்கத்துத் தெருக்காரர்கள் என்று தெரியாது. கீழே தமிழில் எழுத்துப் போட ஆள் வேண்டும். அந்த ஆட்கள் திருப்பூர் அரசுப் பள்ளிகளிலேயே இருக்கிறார்கள். அப்பாவுக்குக் கடையில் மொழிபெயர்த்து, டீச்சரிடம் கொங்குத் தமிழில் சண்டை போடுகிற பிகார், ஒடிசா பிள்ளைகள். ஒரு நாளிதழின் ஞாயிறு இணைப்பு வாரம் அரைப் பக்கம் ஒதுக்கினால், அந்தப் பிள்ளைகள் அப்பா அம்மாவிடம் கேட்டு எழுதிவிடுவார்கள்.

அப்படி ஒரு வீடியோவை ஹிந்தி தெரிந்த நண்பர் எனக்குச் சொல்லிச் சொல்லிக் காட்டினார். பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கலாம். ஆறு பேர் இருக்கிற ரூம். கரண்ட் யூனிட்டுக்கு வீட்டுக்காரர் எவ்வளவு கூட வாங்குகிறார் என்று மீட்டரையே காட்டிக் கணக்குச் சொல்கிறான். அந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பிறகு வீட்டுக்கார அம்மா பொங்கலுக்குக் கொடுத்த கிண்ணத்தைத் திறந்து, ‘இனிப்புக் கிச்சடி’ என்று சிரித்துவிட்டுக் கேமரா முன்னாலேயே வழித்துச் சாப்பிடுகிறான். கீழே அவன் ஊர்ப்பக்கத்து ஆட்கள் வரிசையாகக் கேள்வி கேட்டிருந்தார்கள். அங்கே நம்ம ஆட்களை அடிக்கிறார்களாமே, நிஜமா என்று ஒருவர். ஷிப்ட்டுக்கு எவ்வளவு, நான் வரலாமா என்று இன்னொருவர். முதல் கேள்விக்கு அவன் பதில் எழுதவில்லை. இரண்டாவதுக்கு எழுதியிருந்தான்: கட்டிங் தெரியுமா, செக்கிங்கா, முதலில் அதைச் சொல்லு.